முந்நூற்று நாற்பதாவது வரிசை

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நான் சுகம். அங்கே நீங்களும், முதுகைப் பிடித்துக்கொண்டே "ஒண்ணுமில்ல" என்று சொல்லும் உங்கள் கணவரும் சுகமா? அவரை நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார். நீங்கள் சொன்னாலும் கேட்கமாட்டார்தான், இருந்தாலும் சொல்லி வையுங்கள்.

ஓர் உதவி வேண்டும். என் கண்ணாடிக் கடை இடம் மாறியது உங்களுக்குத் தெரியும். தெருவைப் பார்த்தபடி இருந்த கடையைக் கட்டிடக்காரர் தன் மருமகனுக்குக் கொடுத்துவிட்டார். இப்போது பின்தெருவில், இரண்டாவது மாடியில் இருக்கிறேன். லிஃப்ட் கிடையாது. வெளிச்சம் நன்றாக இருக்கிறது. அறை நீளமாக இருப்பதால் எழுத்து அட்டையைச் சரியான தூரத்தில் மாட்டவும் முடிந்தது. ஒரே குறை, யாரும் வருவதில்லை. முந்தாநாள் என் மணியை அடித்த ஒரே ஆளும் பக்கத்துப் பல் டாக்டர் என்று நினைத்து அடித்தவர்.

அண்ணனுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். மே முடிவதற்குள் கடையில் ஆள் நடமாட்டம் வராவிட்டால், மூடிவிட்டு உங்கள் ஊருக்கே வந்துவிடுவதாக. அவர் மாடி அறைக்கு வெள்ளையடித்து, கண் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலைக்கும் சொல்லி வைத்துவிட்டாராம். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. எனக்குத்தான் இந்த ஊரை விட மனமில்லை.

பழைய வாடிக்கையாளர்கள் அறுநூற்று எண்பத்து மூன்று பேருடைய ஈமெயில் முகவரி என்னிடம் இருக்கிறது. கடை இங்கேதான் இருக்கிறது, கண் பரிசோதனைக்கு வாருங்கள் என்று ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி எழுத ஆசை. பதினோரு பேருக்கு எழுதுவதற்குள் கை ஓய்ந்துவிட்டது. நீங்கள் குடிநீர் அலுவலகத்தில் ஊருக்கே ஈமெயில் அனுப்புகிறீர்களே, பத்துப் பதினைந்து வரி எழுதிவிட்டால் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்பீர்களே, அதை எனக்கும் சொல்லித் தாருங்கள்.

பதிலுக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் நாத்தனார்

---

பிப்ரவரி 9

என் பூதக்கண்ணாடி நாத்தனாருக்கு,

நலம், நலம். உன் அண்ணனை நிமிர்ந்து உட்காரச் சொன்னேன். "அவளை முதல்ல இங்க வரச் சொல்லு" என்று இன்னும் கொஞ்சம் கூனிக்கொண்டு உட்கார்ந்தார்.

நீ கேட்டது பெரிய வித்தையில்லை. ஈமெயில் அனுப்புகிற வேலையை யாரோ ஒரு புண்ணியவான் ஏற்கெனவே எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்திருக்கிறார். லைப்ரரி என்று பேர். புத்தகத்தைத் தேடாதே, அது கட்டளைகளின் மூட்டை. யாருக்கு, என்ன தலைப்பு, என்ன விஷயம் என்று நீ சொன்னால் அது கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். உன் பட்டியலை ஒரு ஷீட்டில் போடு. மேலிருந்து கீழே போகும் முதல் பத்தியில் முகவரி, இரண்டாவதில் பெயர். ‘அன்புள்ள’ என்ற சொல்லுக்குப் பின்னால் இரண்டாவது பத்தியில் இருப்பதை எடுத்துப் போடு என்று ஸ்கிரிப்டில், அதாவது கட்டளை வரிகளில், எழுதியிருக்கிறேன். பதினாலு வரிதான், இத்துடன் இருக்கிறது.

ஒரு கடிதத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஐந்து விநாடி விடச் சொல்லியிருக்கிறேன். மடமடவென்று அனுப்பினால் திருட்டுக் கடிதம் என்று நினைத்துத் தடுத்துவிடுவார்கள். எந்த வரிசையில் இருப்பவருக்கு, எப்போது, என்ன முதல் வரியோடு போனது என்பதை அதுவே லாக் என்ற குறிப்பேட்டில் எழுதி வைக்கும். முக்கியமானது ஒன்று, டெஸ்ட் பண்ணாமல் எதையும் அனுப்பாதே. முதலில் உனக்கே அனுப்பிப் பார். அனுப்பிய ஈமெயிலைத் திரும்ப வாங்க எந்தச் சாமர்த்தியசாலியாலும் முடியாது.

எல்லாம் சரி. அண்ணன் ஊரில் மூன்று வேளையும் ஆக்கிப்போட ஆள் இருக்கும்போது, அந்த ஊரைக் கட்டிக்கொண்டு ஏன் அழுகிறாய்?

உன் வம்புக்கார அண்ணி

---

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம், என் கம்ப்யூட்டருக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை. ஒரு நாள் முழுக்க ஏழாவது வரியில் தவறு என்றே சொன்னது. ஏழாவது வரியை மனப்பாடமே ஆகும்வரை பார்த்தேன். கடைசியில் தவறு ஆறாவது வரியில் இருந்தது, ஒரு அடைப்புக்குறியை மூடவில்லை. ஆளைக் காட்டிக் கொடுப்பதென்றால் சரியான ஆளைக் காட்ட வேண்டாமா?

இப்போது ஓடுகிறது. எனக்கே மூன்று கடிதம் அனுப்பிக்கொண்டேன், மூன்றிலும் பெயர் சரியாக வந்தது. என் பெயரை அவ்வளவு மரியாதையாக யாரும் கூப்பிட்டதில்லை, இரண்டு தடவை படித்தேன்.

பட்டியலைத் தட்டி முடிப்பதில்தான் நாள் போகிறது. பழைய நோட்டில் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு குறிப்பு எழுதுவது என் வழக்கம். எனக்குப் பெயர் நிற்காது, முகமும் மூக்கும்தான் நிற்கும். அதனால் ‘கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு தேடுபவர்’, ‘கண்ணாடி மேலேயே படுத்துத் தூங்குபவர்’, ‘மனைவி தலையாட்டினால்தான் ஃபிரேம் எடுப்பவர்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒரு தலைமையாசிரியை இருக்கிறார், ‘அட்டையை மனப்பாடம் செய்துவந்து ஏமாற்றுபவர்’. அவற்றை மூன்றாவது பத்தியில் சேர்த்திருக்கிறேன், என் சௌகரியத்துக்கு.

அண்ணனுக்கு முதுகில் ஒத்தடம் கொடுங்கள். உங்கள் மற்றக் கேள்விக்கு இன்னொரு நாள் எழுதுகிறேன், இப்போது கை வலிக்கிறது.

உங்கள் நாத்தனார்

---

மார்ச் 3

அண்ணி,

சுகமா என்று கேட்கக்கூட நிதானம் இல்லை. தலையில் இடி விழுந்துவிட்டது.

காலையில் அனுப்புவதற்கு முன் பட்டியலை ஒருமுறை பார்த்தேன். குறிப்பு தள்ளி இருக்கிறதே, பக்கத்தில் இருந்தால் படிக்க வசதி என்று அந்தப் பத்தியை இழுத்து முகவரிக்கு அடுத்து வைத்தேன். டெஸ்ட் பண்ணவில்லை. போன மாதமே பண்ணியாகிவிட்டதே என்ற திமிர்.

கால் மணி நேரம் கழித்து முதல் பதில் வந்தது. ‘யாரை அம்மா கஞ்சப் பார்வை என்கிறீர்கள்?’ என்று. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அனுப்பியதைத் திறந்து பார்த்தேன். ‘அன்புள்ள கஞ்சப் பார்வை பார்த்து மலிவு ஃபிரேம் கேட்பவர் அவர்களுக்கு.’

ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். அதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் போய்விட்டது. அண்ணி, ‘வாய் நாற்றம், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கவும்’ என்று ஒருவரைப் பற்றி எழுதியிருந்தேன். அவருக்கும் போய்விட்டது. மே வரை எல்லாம் காத்திருக்க வேண்டாம், அண்ணனைப் பெட்டி தூக்க வரச் சொல்லுங்கள்.

நான்

---

மார்ச் 4

அடி அசட்டு நாத்தனாரே,

முதலில் தண்ணீர் குடி. நாங்கள் நலம், ஆனால் உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் எனக்கு விலா வலிக்கிறது. உன் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, பிறகு எனக்கு முன்னால் கவலைப்பட்டது போல் முகத்தை வைத்துக்கொண்டார்.

ஸ்கிரிப்டுக்குப் பத்தியின் தலைப்பு தெரியாது, எத்தனையாவது பத்தி என்பதுதான் தெரியும். நீ இரண்டாவது இடத்தில் எதை வைத்தாலும் அதைத்தான் பெயர் என்று கூப்பிடும். பத்தியைப் பழைய இடத்தில் வை. இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் உண்மையைச் சொல்லி ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பு. சாக்குப்போக்கு வேண்டாம். மிச்சமுள்ளவர்களுக்கு ஒழுங்காக, பெயர் போட்டு அனுப்பு. வரும் பதில்களைப் பிரித்து வைக்க இன்னொரு சின்ன ஸ்கிரிப்ட் தருகிறேன். எந்தச் சொல் இருந்தால் எந்த ஃபோல்டர் என்று நீயே எழுதிக்கொள். முடிந்ததும் லாக்கையும் இரண்டு ஸ்கிரிப்டையும் எனக்கு அனுப்பு, ஒரு பார்வை பார்க்கிறேன்.

பெட்டியை இறக்கி வை.

விலா வலியுடன்,
அண்ணி

---

மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம், சுகம், மூன்று தடவை சுகம். உட்கார நேரமில்லாததால்தான் தாமதம்.

முதலில் வந்தவர் தலைமையாசிரியை. இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்க, கைப்பையை மேசையில் வைத்தார்.

"யாரும்மா மனப்பாடம் பண்ணி ஏமாத்துறது?"

"மன்னிச்சிடுங்க டீச்சர்."

"மன்னிப்பு கிடக்கட்டும். எப்படிக் கண்டுபிடிச்சே, அதைச் சொல்லு."

"நான் அட்டையை மாத்தின பிறகும் நீங்க பழைய எழுத்தையே சொன்னீங்க டீச்சர்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், பக்கத்துப் பல் டாக்டர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். "முப்பது வருஷமா பிள்ளைங்களை இதுக்காகத் திட்டியிருக்கேன்" என்று சொல்லி, அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒழுங்காகக் கண் காட்டினார்.

அதற்குப் பிறகு படியில் கூட்டம்தான். மனைவி தலையாட்டினால்தான் ஃபிரேம் எடுப்பவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மா கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துக் கண்ணாடி போட்டு மாட்டப் போகிறாராம். வாய் நாற்றக்காரர் வந்தார், பக்கத்தில் பல் டாக்டரிடம் போய்விட்டு. இருவரும் தாராளமாக மூச்சு விட்டோம்.

ஆனால் அண்ணி, கூத்து இனிமேல்தான். ஒழுங்கான கடிதம் போனவர்கள்தான் அதிகம் கோபித்துக்கொண்டு வருகிறார்கள்! பேக்கரிக்காரர் படியேறி வந்து, "எனக்கு ஏன் வெறும் பேரு போட்டு வந்திருக்கு? என்னைப் பத்தி ஒண்ணுமே எழுதி வைக்கலையா?" என்று சண்டை. நோட்டை எடுத்துக் காட்டினேன். ‘மாவு படிந்த லென்ஸ், நல்ல மனசு.’ படித்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டார். மறுநாள் தன் தம்பி குடும்பத்தையே கூட்டி வந்தார்.

பதில்களைப் பிரிக்க மூன்று ஃபோல்டர் வைத்திருக்கிறேன்: வருகிறேன், பிறகு வருகிறேன், திட்டு. ‘லூஸ்’, ‘மரியாதை’, ‘புகார்’ இப்படி ஏதாவது இருந்தால் நேராகத் திட்டு ஃபோல்டர்தான். அதை நான் திறப்பதே இல்லை. மனசு தெம்பாக இருக்கும் ஒருநாள் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் கேட்ட லாக்கும் இரண்டு ஸ்கிரிப்டும் இத்துடன்.

எல்லா நாளும் கூட்டம். செவ்வாய்க்கிழமை மட்டும் என்னவோ கொஞ்சம் வெறிச்சென்று இருந்தது.

அண்ணனுக்கு என் வணக்கம். வாக்கில் ஜெயித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்

---

மார்ச் 19

கடைக்கார நாத்தனாரே,

இங்கே எல்லோரும் நலம், உன் வெற்றியைக் கேட்டு ஒருவர் மட்டும் வாடிப்போய் மாடி அறை ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

உன் லாக்கை நிதானமாகப் படித்தேன். என் வேலையே அதுதானே. மார்ச் மூன்றாம் தேதி ஒன்றிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு வரை, தப்பு. மன்னிக்கலாம். ஐந்தாம் தேதி இருநூற்றுப் பதின்மூன்றிலிருந்து கடைசி வரை, சரி. ஆனால் முந்நூற்று முப்பத்தொன்பதுக்குப் பிறகு முந்நூற்று நாற்பத்தொன்று வருகிறது. நடுவில் ஒருவரைக் காணோம். அனுப்புகிற ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தால், முந்நூற்று நாற்பது என்றால் தாண்டிப் போ என்று புதிதாக ஒரு வரி. அதை நான் உனக்குச் சொல்லித் தரவே இல்லையே!

அப்புறம் ஒன்பதாம் தேதி, மாலை நாலு நாற்பதுக்கு, அந்த ஒருவருக்கு மட்டும் தனியாக ஒரு கடிதம் போயிருக்கிறது. பத்தி எல்லாம் சரியாக இருக்கும் ஷீட்டில், வேண்டுமென்றே குறிப்பை எடுத்துப் போட்டு. ‘அன்புள்ள ஸ்க்ரூ லூஸே இல்லை, ஆனாலும் வரட்டும் அவர்களுக்கு.’ அதற்கு முன்னால் இதே கடிதம் உன் சொந்த முகவரிக்கு ஆறு தடவை போயிருக்கிறது. டெஸ்ட் பண்ணாமல் அனுப்பாதே என்று தலையால் அடித்துக்கொண்டேன், இந்த ஒரு கடிதத்துக்குத்தான் என் பேச்சைக் கேட்டிருக்கிறாய்.

யாரடி அது? அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

வாய் துடிக்கும்,
அண்ணி

---

மார்ச் 27

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எட்டு நாள் பதில் போடாததற்குக் கோபம் வேண்டாம்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நாலு வருடமாகச் செவ்வாய்க்கிழமைகளில் வருவார். "ஸ்க்ரூ லூஸா இருக்கு, கொஞ்சம் பாருங்க" என்று கண்ணாடியைக் கழற்றித் தருவார். லூஸாக இருக்காது. நான் முறுக்குவது போல் முறுக்கித் துடைத்துத் தருவேன். அதற்குள் பத்து நிமிடம் பேசிவிடுவார், அந்த வாரம் எந்தக் கட்டிடத்தில் யார் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள் என்று. லிஃப்டே இல்லாத இந்தக் கட்டிடத்துக்கும் ஏறி வந்தார். கடை மாறிய பிறகு தேடிக்கொண்டு வந்த ஒரே ஆள் அவர்தான்.

இந்த ஊரை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று கேட்டீர்களே, இதற்குத்தான் அண்ணி. நாற்பத்தொரு வயதில் வாயைத் திறந்து சொல்லத் தைரியம் இல்லை. ஊருக்கெல்லாம் தவறிப் போன கடிதம்தானே, அந்தச் சாக்கில் இதுவும் போகட்டும், சிரித்தால் தவறு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று அனுப்பினேன்.

பத்தாம் தேதி அவர் வரவில்லை. பதினேழாம் தேதி வரவில்லை. இருபத்து நாலாம் தேதியும் வரவில்லை. பதிலும் இல்லை. கடை நிறைய ஆள், நான் மட்டும் செவ்வாய் வந்தால் படியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். தானாகத் தேடி வந்தவரை நானே விரட்டிவிட்டேன்.

அண்ணனிடம் சொல்லுங்கள், மே மாதம் வந்துவிடுகிறேன். கடையை எடுத்து நடத்த ஆள் கிடைப்பார். அந்த மணி அடிக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு இங்கே இருக்க என்னால் முடியாது.

உங்கள் நாத்தனார்

---

மார்ச் 28

நாத்தனாரே,

நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். உன் அண்ணனிடம் எதையும் சொல்லப் போவதில்லை. பதில்களைப் பிரிக்க நீ எழுதிய ஸ்கிரிப்டை இப்போதுதான் மறுபடியும் பார்த்தேன்.

திட்டு ஃபோல்டருக்கு முதல் சொல்லாக என்ன போட்டிருக்கிறாய்? ‘லூஸ்’. அந்த மனிதருக்கு நீ எழுதிய கடிதத்தின் முதல் வரி என்ன? எழுந்து நின்று வாசி. யாராவது பதில் போட்டால் நாம் எழுதியதும் அடியில் ஒட்டிக்கொண்டுதானே வரும்? அவர் ‘வணக்கம்’ என்று ஒரு சொல் எழுதியிருந்தாலும் உன் ஸ்கிரிப்ட் அதைக் கொண்டுபோய் எங்கே போட்டிருக்கும்?

நீ திறப்பதே இல்லை என்று பெருமையாக எழுதினாயே, அங்கே. போய்த் திற. இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துக்கொண்டு நிற்காதே, போடி!

அண்ணி

---

ஏப்ரல் 3

என் தெய்வமே, அண்ணியே,

சுகமாக இருக்கிறேன். இதை எப்படி எழுதுவது என்று தெரியாத அளவுக்குச் சுகம். இத்தனை நாளும் கால் தரையில் பாவவில்லை, அதனால்தான் தாமதம், மன்னியுங்கள்.

திறந்தேன். திட்டு ஃபோல்டரில் நாற்பத்து மூன்று கடிதம் இருந்தது, அதில் திட்டு என்று பார்த்தால் ஐந்தோ ஆறோதான். அவருடையது மார்ச் ஒன்பதாம் தேதி மாலை ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்கு வந்திருந்தது. நான் அனுப்பிய இருபத்திரண்டாவது நிமிடம். அப்படியே எழுதுகிறேன்:

‘வணக்கம். ஸ்க்ரூ லூஸ் இல்லை என்பது எனக்கும் தெரியும். நாலு வருடமாகத் தெரியும். கடையிலிருந்து எல்லோருக்கும் தவறாகக் கடிதம் போய்விட்டது என்று பேக்கரியில் பேசிக்கொண்டார்கள். எனக்கு வந்ததும் தவறுதானா, இல்லை அனுப்பியதா என்று புரியவில்லை. தவறு என்றால் பதில் போட வேண்டாம், நான் வந்து உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். அனுப்பியது என்றால் ஒரு வரி எழுதுங்கள்.’

அண்ணி, அந்த மனிதர் பத்தொன்பது நாள் என் ஒரு வரிக்காகக் காத்திருந்திருக்கிறார். நான் அவருடைய காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். நடுவில் உட்கார்ந்திருந்தது நான் எழுதிய மூன்று வரி ஸ்கிரிப்ட். அழுதேன், உடனே சிரித்தேன். புதுக் கண்ணாடியைச் சரிபார்க்க வந்து பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை, "எழுத்து அவ்வளவு மோசமாவா சொல்றேன்?" என்று பயந்துவிட்டார்.

ஸ்கிரிப்ட் இல்லாமல், டெஸ்ட் இல்லாமல், நானே தட்டினேன். ‘அனுப்பியது.’ அவ்வளவுதான்.

அரை மணி நேரத்தில் படியில் சத்தம். இரண்டிரண்டு படியாக ஏறுகிற சத்தம். கையில் கிரீஸ், தோளில் டூல் பை. கடை நிறைய ஆட்கள் எங்களையே பார்க்கிறார்கள்.

"இன்னைக்குச் செவ்வாய் இல்லையே" என்றேன்.

"சனிக்கிழமைதான். ஸ்க்ரூவும் சரியாத்தான் இருக்கு" என்றார். "சும்மா வந்தேன்."

தலைமையாசிரியை நாற்காலியைக் காலி செய்துவிட்டு, "உக்காருங்க, இவங்களுக்கு இப்போ எதுவும் தெளிவாத் தெரியாது" என்றார்.

நான் மே மாதம் வரவில்லை அண்ணி. கடைக்காக இல்லை. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது, அவருக்கு என்னைப் பிடித்திருக்கிறது, நாங்கள் சேர்ந்து இருக்கப் போகிறோம். இதை இன்றைக்கு அண்ணனிடம் படித்துக் காட்டிவிடுங்கள். அவர் மனசு கஷ்டப்படுமே என்றுதான் பயம்.

உங்களை எப்படிக் கட்டிக்கொள்வது என்று தெரியாத,
உங்கள் நாத்தனார்

---

ஏப்ரல் 8

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. உன் அண்ணி தட்டித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். ஒற்றை விரலால் காலையிலிருந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். நான் சுகம். முதுகும் சுகம்.

உன் கடிதத்தை அவள் படித்துக் காட்டினாள். இரண்டாவது தடவை நானே வாங்கிப் படித்தேன். அப்பா அம்மா போன பிறகு உன்னைத் தனியாக விட்டுவிட்டேனே என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. இங்கே கூட்டி வந்து வைத்துக்கொண்டால் அது தீரும் என்று நினைத்தேன். உனக்கு வேண்டுமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தப்பு என்னுடையது.

மே மாதம் நீ வர வேண்டாம். நாங்கள் வருகிறோம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அவரிடம் சொல்லிவை, குறுக்குக் கேள்வி கேட்க வரவில்லை, பார்க்கத்தான் வருகிறேன்.

கொஞ்ச நாளாக எனக்கு எழுத்தெல்லாம் கலங்கித் தெரிகிறது. உன் கடிதத்தைப் படித்தபோது ரொம்பவே கலங்கியது. உன் அண்ணி அது வயசு இல்லை என்கிறாள். எதற்கும் வந்ததும் நீயே ஒருமுறை பார்த்துச் சொல்லிவிடு.

உன் அண்ணன்